யூத மரபில் மனந்திரும்புதலும் மன்னிப்பும்: ஓர் எளிய அறிமுகம்

யூதர்களைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று: "வருஷத்துக்கு ஒரு நாள் பட்டினி கிடப்பார்கள், அந்த வருஷத்துப் பாவக் கணக்கு அத்தோடு முடிந்துவிடும்." இன்னொன்று: "பழைய ஏற்பாட்டுக் கடவுள் தண்டிக்கிற கடவுள், அங்கே மன்னிப்புக்கு இடமில்லை." முதல் வாக்கியப்படி மன்னிப்பு மிக மலிவு. இரண்டாவதின்படி மன்னிப்பே கிடையாது. ஒரே மரபைப் பற்றி இப்படி நேரெதிரான இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன என்றால், அந்த மரபு உள்ளபடி என்ன சொல்கிறது என்று நாம் நிதானமாகக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கேட்டுப் பார்த்தபோது என் மனதில் ஆழமாகத் தைத்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு மனிதருக்குச் செய்த தவறை மன்னிக்கும் உரிமை அந்த மனிதருக்குத்தான். அவரை ஒதுக்கிவிட்டுக் கடவுள்கூட அதை மன்னிப்பதில்லை என்று யூத மரபு உறுதியாகச் சொல்கிறது. நோன்பு, ஜெபம், பண்டிகை எல்லாம் அதற்குப் பிறகுதான். முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், அடியிலிருந்தே தொடங்கலாம்.

தவறான பஸ்ஸும் திரும்பும் வழியும்

ஒருவர் திண்டுக்கல்லில் திருச்சி பஸ் என்று நினைத்து மதுரை பஸ்ஸில் ஏறிவிடுகிறார். பாதி வழியில்தான் தெரிகிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதாலும் பஸ் மதுரைக்குத்தான் போகும். அவர் இறங்க வேண்டும், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், வந்த வழியே திரும்ப வேண்டும். டிக்கெட் காசும் நேரமும் போனது போனதுதான். ஆனாலும் திருச்சிக்குப் போகும் வழி அடைபட்டுவிடவில்லை.

எபிரேய மொழியில் இந்தத் திரும்புதலுக்குத் தெஷுவா என்று பெயர். 'திரும்பு' என்ற வினையிலிருந்து வந்த சொல். பாவத்துக்கு அதிகம் புழங்கும் எபிரேயச் சொல் ஹெத். 'குறி தப்புதல்' என்பது அதன் வேர்ப்பொருள். நியாயாதிபதிகள் புத்தகத்தில் பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர்கள் 700 பேர் வருகிறார்கள். ஒரு மயிரிழையைக் குறிவைத்துக் கவண்கல் எறிந்தாலும் தப்பாதவர்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. அந்த இடத்தில் 'தப்பாத' என்பதற்கு வருவதும் இதே வேர்தான். வேண்டுமென்றே செய்யும் பாவத்துக்கும் கடவுளை எதிர்த்துச் செய்யும் பாவத்துக்கும் வேறு கடுமையான சொற்கள் இருக்கின்றன, அவை இப்போது நமக்கு வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் வரும் 'மனந்திரும்புதல்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தத் திரும்பல் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் தவ்பாவும் தெஷுவாவும் ஒரே செமிட்டிய வேரிலிருந்து கிளைத்தவை. 'வருத்தப்படுதல்' என்று மட்டும் மொழிபெயர்த்தால்தான் குழப்பம் வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து அழுததையே திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்வோம்.

கடன் யாரிடம் வாங்கியது?

இனி முக்கியமான பிரிவினைக்கு வருவோம். மிஷ்னா என்பது, ரபிகள் என்று அழைக்கப்படும் யூத மார்க்க ஆசான்கள் வாய்வழியாகக் காத்துவந்த சட்டங்களைக் கி.பி. 200 வாக்கில் தொகுத்த நூல். அதில் யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய பகுதி முடியும் இடத்தில் ஒரு சட்டம் வருகிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவங்களுக்கு அந்த நாள் நிவிர்த்தி தரும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவங்களுக்கு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் நிவிர்த்தி தராது. அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: "பாவம் செய்துகொள்கிறேன், யோம் கிப்பூர் பார்த்துக்கொள்ளும்" என்று கணக்குப் போடுகிறவனுக்கு யோம் கிப்பூர் உதவாது. 'ஒரு நாள் பட்டினி, பாவம் காலி' என்ற பேச்சுக்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

ஏன் இப்படி? மிஷ்னாவின் மீது பல தலைமுறை ரபிகள் நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் இதற்கு ஓர் உவமை வைத்திருக்கிறது. யூத மதத்துக்கு மாறிய ஒரு பெண் ரபான் கமலியேல் என்ற ஆசானிடம் கேட்கிறார்: "உங்கள் வேதத்தில் ஓரிடத்தில் கடவுள் முகதாட்சணியம் பார்க்கமாட்டார் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் கடவுள் உனக்கு முகம் காட்டுவார் என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?" பக்கத்தில் இருந்த ரபி யோசே பதில் சொல்கிறார். ஒருவன் இன்னொருவனிடம் கடன் வாங்குகிறான். அரசர் முன்னிலையில் தவணை குறித்து, அரசரின் உயிர்மேல் சத்தியமும் செய்கிறான். தவணை வந்தது, பணம் கொடுக்கவில்லை. அரசரிடம் போய்க் காலில் விழுகிறான். அரசர் சொல்கிறார்: "என் பெயரில் பொய்ச்சத்தியம் செய்து என்னை அவமதித்தாய், அதை நான் மன்னித்துவிட்டேன். போய் உனக்குக் கடன் கொடுத்தவனைச் சமாதானப்படுத்து." முகம் காட்டுவது கடவுளுக்குச் செய்த பிழையில், முகம் பார்க்காதது மனிதருக்குச் செய்த பிழையில் என்று உவமை முடிகிறது.

நம் வீட்டுக் கணக்கும் இதுதான். பக்கத்து வீட்டில் வாங்கிய கடனை நம் அப்பா தள்ளுபடி செய்ய முடியாது. அவர் எவ்வளவு அன்பானவர் என்பது அங்கே பேச்சே இல்லை, அது அவர் கொடுத்த கடன் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிவிடுவோம். தெஷுவா என்றால் திரும்பி வருதல். கடவுளுக்குச் செய்த தவறைக் கடவுளிடம் தீர்க்கலாம். மனிதருக்குச் செய்ததை முதலில் அந்த மனிதரிடம்தான் தீர்க்க வேண்டும். இனி, எப்படித் தீர்ப்பது என்று பார்ப்போம்.

திரும்பும் வேலை

தெஷுவாவின் சட்டங்களை ஒழுங்காக எழுதிவைத்தவர் மைமோனிடிஸ். ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் மருத்துவராகவும் யூத சமூகத்தின் தலைவராகவும் வாழ்ந்து 1204இல் இறந்தவர். யூதச் சட்டம் முழுவதையும் தொகுத்த தன் பெருநூலில் தெஷுவாவுக்கென்றே பத்து அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறார்.

அவர் சொல்லும் வேலைகள் இவை: செய்துகொண்டிருக்கும் தவறை விட்டுவிட வேண்டும். இனிச் செய்வதில்லை என்று மனதில் உறுதி எடுக்க வேண்டும். நடந்ததற்கு வருந்த வேண்டும். இவற்றை வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும் இந்த அறிக்கைக்கு விதுய் என்று பெயர். இது கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனம் போல குருவின் முன்னால் செய்வது அன்று. கேட்டு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் எந்த ரபிக்கும் கிடையாது, நேராகக் கடவுளிடமே சொல்கிறார்கள். கடவுளுக்கு எதிரான பாவங்களை ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிவதை மைமோனிடிஸ் விரும்பவில்லை. மனிதருக்குச் செய்த தவறை மட்டும் மூடிமறைக்காமல் வெளிப்படையாகச் சொல்வதே சிறப்பு என்கிறார்.

சும்மா வாயால் மட்டும் சொன்னால்? அதற்கு அவர் காட்டும் காட்சி நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். தீட்டுக் கழிய ஒருவன் தண்ணீரில் முங்குகிறான். எந்தப் பிராணியைத் தொட்டதால் தீட்டு வந்ததோ அதைக் கையில் பிடித்தபடியே முங்குகிறான். ஆறு முழுவதும் அவன் தலைமேல் ஓடினாலும் தீட்டுப் போகாது. முதலில் கையில் இருப்பதைப் போட வேண்டும்.

பொருள் சம்பந்தப்பட்ட தவறு என்றால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதில் ரபிகளின் அனுபவ அறிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவன் மர உத்தரம் ஒன்றைத் திருடி, அதை வைத்து வீடே கட்டிவிட்டான். பிறகு மனம் திரும்புகிறான். என்ன செய்வது? பழைய ஆசான்கள் ஷம்மாய், ஹில்லேல் இருவரின் சீடர்களும் இதில் வேறுபட்டார்கள். ஷம்மாயின் சீடர்கள் வீட்டை இடித்து அதே உத்தரத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். ஹில்லேலின் சீடர்கள் உத்தரத்தின் விலையைக் கொடுத்தால் போதும் என்றார்கள். காரணம், வீட்டையே இடிக்க வேண்டும் என்றால் எவனும் திரும்பி வரமாட்டான். திரும்பி வருகிறவர்களுக்காக வகுத்த இந்த ஏற்பாட்டுக்குத் தனிப்பெயரே உண்டு. பறிகொடுத்தவருக்கு நட்டமும் வரக்கூடாது, திரும்புகிறவனுக்கு வழியும் அடைபடக்கூடாது. இரண்டையும் ஒருசேர யோசித்திருக்கிறார்கள்.

யாரிடமிருந்து எடுத்தோம் என்றே தெரியாவிட்டால்? கூடுதலாக வசூலித்த வரிக்காரன் இருக்கிறான். யாரிடம் எவ்வளவு பிடுங்கினான் என்று அவனுக்கே நினைவிருக்காது. அப்படிப்பட்டவன் அந்தப் பணத்தில் ஊருக்குப் பொதுவான காரியம் செய்ய வேண்டும் என்கிறது தல்மூத். ரபி ஹிஸ்தா உதாரணமும் தருகிறார்: கிணறு, தண்ணீர் தேங்கும் குழிகள். ஏமாந்தவர்களும் அங்கே வந்து தண்ணீர் எடுப்பார்கள் அல்லவா?

எல்லாம் செய்தாயிற்று. உண்மையில் திரும்பிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? மைமோனிடிஸ் சொல்லும் அடையாளம்: அதே தவறைச் செய்யும் வாய்ப்பு மீண்டும் வருகிறது, செய்யும் வலுவும் இருக்கிறது, ஆனாலும் செய்யாமல் விலகுகிறான். பயத்தாலோ தள்ளாமையாலோ விலகினால் அது முழுமையான தெஷுவா ஆகாது. ஆனால் முதுமையில் திரும்பினாலும், சாகும் நாளில் திரும்பினாலும் அது வீண்போகாது என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார். இறப்பதற்கு ஒரு நாள் முன்பு மனந்திரும்பு என்று ரபி எலியேசர் சொன்னபோது, "எந்த நாளில் சாவோம் என்று யாருக்குத் தெரியும்?" என்று சீடர்கள் கேட்டார்கள். அதனால்தான் இன்றே திரும்பு என்றேன் என்றார் அவர்.

ரேஷ் லாகிஷின் கதை

திரும்பி வந்தவரை ஊர் எப்படி நடத்த வேண்டும்? இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மிஷ்னாவில் இதற்கும் சட்டம் இருக்கிறது: மனம் திரும்பியவனிடம் "நீ முன்பு என்ன செய்தாய் என்று நினைத்துப் பார்" என்று சொல்லக்கூடாது. கடையில் பொருளின் விலையில் ஏமாற்றுவதைத் தடுக்கும் சட்டங்களுக்குப் பக்கத்திலேயே இதை வைத்திருக்கிறார்கள். பேச்சாலும் ஒருவரை வஞ்சிக்கலாம் என்பது அவர்களின் பார்வை.

இந்தச் சட்டம் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தல்மூதிலேயே நெஞ்சைப் பிசையும் கதை இருக்கிறது. ரேஷ் லாகிஷ் (லாகிஷின் மகன் என்றும் அழைப்பார்கள்) கொள்ளைக்காரராக இருந்தவர். ரபி யோகனான் அவரை யோர்தான் ஆற்றில் சந்தித்து, படிப்பின் பக்கம் இழுத்து, தன் தங்கையையும் மணமுடித்துக் கொடுத்தார். ரேஷ் லாகிஷ் பெரிய அறிஞரானார். ஒருநாள் கத்தியும் வாளும் எந்தக் கட்டத்தில் செய்து முடிந்ததாகக் கருதப்படும் என்று படிப்பு மண்டபத்தில் விவாதம். உலையில் காய்ச்சியதும் என்றார் யோகனான். தண்ணீரில் முக்கியெடுத்ததும் என்றார் ரேஷ் லாகிஷ். வாக்குவாதத்தின் சூட்டில் யோகனான், "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை. ரேஷ் லாகிஷ் மனமுடைந்து நோயில் விழுந்தார். மனைவி அண்ணனிடம் வந்து அழுதும் யோகனான் இளகவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்துபோனார்.

அப்புறம் யோகனானுக்குத் துக்கம் தாங்கவில்லை. துணைக்கு இன்னோர் அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோகனான் சொன்னதற்கெல்லாம் ஆதாரம் காட்டினார். யோகனான் வெடித்தார்: "லாகிஷின் மகன் நான் சொன்னதற்கு 24 மறுப்புச் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில் விஷயம் தெளியும். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா?" ஆடையைக் கிழித்துக்கொண்டு, "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று கதறி, கடைசியில் சித்தம் கலங்கினார் என்கிறது தல்மூத்.

அன்பினால் மனம் திரும்பினால் பழைய பாவங்களே புண்ணியமாகிவிடும் என்று தல்மூதில் சொன்னவர் யார் தெரியுமா? இதே ரேஷ் லாகிஷ்தான். வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன ஆறுதல் இல்லை அது.

மூன்று முறை கேட்பது

சரி, இப்போது நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்கும் கட்டம். நட்டஈடு கொடுத்துவிட்டால் போதாதா? போதாது என்கிறது மிஷ்னா. அடித்தவன் பணம் கட்டியிருந்தாலும், அடிபட்டவரிடம் போய்க் கேட்கும்வரை மன்னிப்பு இல்லை. வெறும் வார்த்தையால் சீண்டியிருந்தாலும் போய்ச் சமாதானப்படுத்த வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ்.

அவர் மன்னிக்க மறுத்தால், நண்பர்கள் மூன்று பேரை அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவையும் மறுத்தால் கேட்டவர் தன் வழியே போகலாம், மன்னிக்காதவர்மீதுதான் இப்போது குறை. புண்பட்டவர் தன்னுடைய ஆசான் என்றால் மட்டும் ஆயிரம் தடவையானாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக, இங்கே இரண்டு பக்கமும் கடமை இருக்கிறது. தவறு செய்தவர் தேடிப் போக வேண்டும். உண்மையாக வந்து கேட்கிறவரிடம் புண்பட்டவர் கல்நெஞ்சராக இருக்கக் கூடாது. ஆபிரகாமின் மனைவியைக் கொண்டுபோன அபிமெலேக்கு என்ற அரசர் அவளைத் திருப்பி அனுப்பியபோது, அவருக்காக ஜெபித்த ஆபிரகாமை மிஷ்னா முன்மாதிரியாகக் காட்டுகிறது.

மனதுக்குள் வஞ்சம் வைப்பதையும் விடவில்லை. லேவியராகமத்தில் "பழிவாங்காதே, வஞ்சம் வைக்காதே" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். தல்மூத் பிரித்துக் காட்டுவதைப் பாருங்கள். "உன் அரிவாளைக் கொடு" என்று கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. மறுநாள் அவர் என் கோடரியைக் கேட்கிறார். "நீ தரவில்லை, நானும் தரமாட்டேன்" என்றால் அது பழி. "இந்தா, எடுத்துக்கொள், நான் உன்னைப் போல இல்லை" என்று சொல்லிக் கொடுத்தால் அது வஞ்சம். எத்தனை வீடுகளில் எத்தனை கோடரிகளை இப்படிக் கொடுத்திருக்கிறோம்! மார் சூத்ரா என்ற அறிஞர் தினமும் படுக்கப் போகும்போது, தன்னை வருத்திய எல்லோரையும் மன்னிப்பதாகச் சொல்லிவிட்டுப் படுப்பாராம். இன்றும் படுக்கும்முன் சொல்லும் ஜெபத்தில் அப்படியொரு பகுதியைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை ஒன்றும் உண்டு. ஒருவரின் பெயரைப் பொய்யாகக் கெடுத்தவனை மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பொய்யைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்ட செய்தி போய்ச் சேரப் போவதில்லை என்பதே காரணம். இன்னொரு சிக்கல்: நான் ஒருவரைப் பற்றிப் புறம் பேசினேன், அது அவருக்குத் தெரியவே தெரியாது. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்டே ஆக வேண்டும் என்றார் ஹஃபேத்ஸ் ஹயீம் என்று அறியப்படும் ரபி (1838–1933). என் மனச்சுமையை இறக்க அவருக்குப் புதிதாக ஒரு வலியைக் கொடுக்கக் கூடாது என்ற கருத்து ரபி இஸ்ராயேல் சலந்தருடையது. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. மரபுக்குள் இன்னும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள்.

மறுபடி ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். தவற்றை விடுவது, வருந்துவது, வாயால் அறிக்கையிடுவது, திருப்பிக் கொடுப்பது, நேரில் போய்க் கேட்பது ஆகியவை தவறு செய்தவரின் வேலை. உண்மையாகக் கேட்டால் இளகுவது புண்பட்டவரின் வேலை. திரும்பி வந்தவரின் பழையதைக் கிளறாமல் இருப்பது ஊரின் வேலை.

அந்தச் சாதாரண மனிதனிடம் போய்க் கேள்

மன்னிக்கும் உரிமை புண்பட்டவருக்கு மட்டும் என்றால், அது எவ்வளவு தூரம் போகும்? ரபி அபிரகாம் ஜோஷுவா ஹெஷல் (1907–1972) எழுதிய நிகழ்ச்சி ஒன்று இதை விளக்கும். பிரிஸ்க் நகரின் ரபியான ஹயீம் சொலொவெய்ச்சிக் பெரும் அறிஞர், ஆனால் பார்வைக்கு எளியவர். வார்சாவிலிருந்து ரயிலில் ஊர் திரும்புகிறார். பெட்டியில் வியாபாரிகள் சீட்டாடுகிறார்கள். அவர் ஆட்டத்தில் சேராமல் ஒதுங்கியிருந்தது பிடிக்காமல், ஒருவன் அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான். பிரிஸ்க் ஸ்டேஷனில் ரபியை வரவேற்கக் கூட்டம் திரண்டிருப்பதைப் பார்த்தபிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். ரபி மறுத்தார். வீட்டுக்கே போய்க் கேட்டான், மறுத்தார். கடைசியில் ரபியின் மகனே தகப்பனாரிடம் பரிந்து பேசினார். அவர் சொன்னது: "நான் எப்படி மன்னிப்பது? நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அவமதித்தது யாரோ ஒரு சாதாரண மனிதனை. அந்தச் சாதாரண மனிதனிடம் போய்க் கேட்கட்டும்."

ஹெஷல் இதைச் சொல்ல நேர்ந்த சந்தர்ப்பம் கனமானது. இரண்டாம் உலகப் போரின்போது லெம்பர்க் நகரில் நாஜிகளின் கைதியாக இருந்த சைமன் வீசெந்தாலை, மரணப் படுக்கையில் கிடந்த, எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் வீரன் ஒருவனிடம் அழைத்துப் போகிறார்கள். யூதர்களை ஒரு வீட்டில் அடைத்துத் தீவைத்த கூட்டத்தில் தானும் இருந்ததாக அவன் சொல்லி, ஒரு யூதரின் வாயால் மன்னிப்பைக் கேட்டுவிட்டுச் சாக விரும்புவதாகக் கெஞ்சினான். வீசெந்தால் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். தான் செய்தது சரியா என்ற கேள்வி அவரைப் பல ஆண்டுகள் விடவில்லை. அதைப் பின்னாளில் எழுதி, மற்றவர்களிடமும் கேட்டார். ஹெஷலின் பதில் அந்த ரயில் கதைதான். மற்றவர்களுக்குச் செய்த குற்றத்தை நாம் மன்னிக்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, "பாருங்கள், இரக்கமே இல்லாத மதம்" என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் எரிந்தவர்கள் இனிப் பேச முடியாது. அவர்கள் சார்பில் தாராளமாக மன்னிப்பதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது?

சாதாரணத் தவறுகளில் புண்பட்டவர் இறந்துவிட்டால் வழி இருக்கிறது. பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போய், "கடவுளுக்கும் இவருக்கும் நான் இன்ன பிழை செய்தேன்" என்று சொல்ல வேண்டும். பணம் பாக்கி இருந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் யோம் கிப்பூர் எதற்கு?

எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில், இந்த நாளில் தலைமைக் குரு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார். ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமேல் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு ஓட்டுவார்கள். தமிழ் வேதாகமம் இதைப் 'போக்காடு' என்கிறது. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்ததோடு அது நின்றுவிட்டது. இடிபாடுகளைப் பார்த்து, பாவநிவிர்த்தி தந்த இடம் போயிற்றே என்று ரபி யோசுவா அழுதபோது, அதற்குச் சமமான இன்னொரு வழி நமக்கு இருக்கிறது, அது அன்புச் செயல்கள்தான் என்று ரபான் யோகனான் பென் சக்காய் தேற்றியதாக ஒரு பழைய குறிப்பு உண்டு.

இன்று அந்த நாள் தனியாக வந்து நிற்பதில்லை. அதற்கு முந்தைய எலுல் மாதம் முழுவதும் தயாரிப்பு நடக்கும். காலை ஜெபத்தில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். பிறகு புத்தாண்டான ரோஷ் ஹஷானா, அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர். இந்த இடைப்பட்ட நாட்களில்தான் போன் அடிப்பதும், நேரில் போவதும், "இந்த வருஷம் உன்னை ஏதாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு" என்று கேட்பதும் நடக்கும். மனிதரோடு இருக்கும் கணக்கைத் தீர்த்துவிட்டுக் கடவுள் முன் நிற்பதற்காக.

நோன்பு ஏறத்தாழ 25 மணி நேரம். சாப்பாடும் தண்ணீரும் இல்லை, குளியல் இல்லை, தோல் செருப்பு இல்லை. பலர் வெள்ளை உடுத்துவார்கள். முதல் மாலை தொடங்கும் கோல் நித்ரே என்ற ஓதலைப் பற்றி ஒரு பழைய அவதூறு உண்டு: 'எல்லா வாக்குகளும் ரத்து' என்று சொல்வதால் யூதர்களின் வாக்கை நம்பக்கூடாது என்று. அங்கே ரத்தாவது ஒருவர் தனக்கும் கடவுளுக்கும் இடையில் தானாகச் செய்துகொண்ட நேர்த்திகள் மட்டுமே. அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கோ கடனோ அதில் அடங்காது. மேலே சொன்ன உவமையைப் படித்தவருக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அன்று விதுய் பலமுறை வரும். எபிரேய அகரவரிசைப்படி பாவங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மெதுவாக நெஞ்சில் தட்டிக்கொள்வார்கள். எல்லாம் 'நாங்கள் செய்தோம்' என்ற பன்மையில்தான். பக்கத்தில் நிற்பவர் செய்ததையும் சேர்த்து எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் யாரும் தனியாக நின்று வெட்கப்பட வேண்டியதில்லை.

பிற்பகலில் யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசிப்பார்கள். நினிவே நகரத்தார் இரட்டு என்ற சாக்குத்துணி உடுத்தி, உபவாசம் இருந்து தப்பிய கதை. இங்கே மிஷ்னா ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டுகிறது: கடவுள் அவர்களின் சாக்குத்துணியையும் உபவாசத்தையும் கண்டார் என்று எழுதியிருக்கவில்லை, தீய வழியைவிட்டுத் திரும்பிய அவர்களின் செய்கைகளைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது. நாள் முழுவதும் பட்டினி இருக்கும் சபைக்கு, மாலை நெருங்கும் நேரத்தில் வாசிக்கும் பகுதி இது.

சூரியன் சாயும்போது நெயிலா என்ற கடைசி ஜெபம். கதவு மூடப்போகும் நேரம் என்பது அதன் பொருள். முடியும்வரை பலர் உட்காருவதே இல்லை. இருட்டியதும் ஷோஃபார் ஒருமுறை நீளமாக ஒலிக்கும், அத்தோடு நோன்பு முடிந்தது. ஆனால் உடனே சாப்பிட ஓட முடியாது. வழக்கமான இரவு ஜெபத்தைச் சொல்ல வேண்டும். வார நாட்களில் தினமும் மூன்று வேளை சொல்லும் அந்த ஜெபத்தில், "எங்கள் தகப்பனே, எங்களை மன்னியும், பாவம் செய்துவிட்டோம்" என்று ஒரு வரி உண்டு. நெயிலா முடிந்து சில நிமிடங்களே ஆகியிருக்கும். வெள்ளை உடை இன்னும் கலையவில்லை. சபையார் கையை மடக்கி நெஞ்சில் தட்டிக்கொண்டு அந்த வரியைச் சொல்கிறார்கள், பிறகு வீட்டுக்குப் போகிறார்கள்.